தாய், சேய் நலத் திட்டங்களின் பயனை அளப்பது எவ்வாறு?

ஓர் அரச திட்டம் பயன் தந்ததா என்ற வினாவுக்கு நமது நாட்டில் வழமையாகக் கிடைக்கும் விடை ஒன்றேயாகும். இத்தனை இலட்சம் ரூபா செலவிடப்பட்டது, இத்தனை ஆயிரம் பேருக்கு வழங்கப்பட்டது, இத்தனை சதவீத இலக்கு எட்டப்பட்டது என்பதே அந்த விடை. கொடுக்கப்பட்டதைப் பற்றிய இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியானதாகவே இருக்கும். ஆனால் கொடுத்ததால் என்ன நேர்ந்தது என்பது வேறொரு கணக்கு. அது எழுதப்படுவது அரிது. வறிய கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிறந்த சிசுக்களுக்குமான திட்டங்களில் இந்த இரண்டாவது கணக்கு எழுதப்படாமல் விடப்படுவதன் விளைவை அம்பாறைக் கரையோரத்தை விடத் தெளிவாகக் காட்டக்கூடிய பிரதேசம் வேறில்லை எனலாம்.

முதலில் நற்செய்தியைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950களின் தொடக்கத்தில் இது ஏறக்குறைய 500 ஆகக் குறைந்தது. அண்மைக் காலத்தில் 30 என்ற அளவை அண்டி நிற்கின்றது. கொவிட் தொற்றுப் பரவிய 2021 இல் ஏற்பட்ட உயர்வு விதிவிலக்கானது. தெற்காசியாவில் ஏனைய பெரிய நாடுகள் எவையும் இந்த அளவை நெருங்கவில்லை. செல்வம் பெருகியதால் கிடைத்த பேறு அல்ல இது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது முதல், வீட்டுப் படியேறி வரும் மருத்துவமாதுவை மையமாகக் கொண்டு கட்டியெழுப்பப்பட்ட ஒரு முறைமையின் பேறு. இன்று குடும்ப நல உத்தியோகத்தர் என்று அழைக்கப்படும் அவர் ஏறக்குறைய 3000 பேர் கொண்ட பிரிவொன்றுக்குப் பொறுப்பாக இருந்து, கருவுற்ற பெண்ணைப் பதிவு செய்து, கிளினிக்குக்கு அழைத்து, பிள்ளை பிறந்த முதற் பத்து நாட்களுள் இரு தடவை வீடு தேடி வருவார் என்பதே ஏற்பாடு. தாய் ஒருவர் இறந்தால் அம்மரணம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்படுகின்றது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், எங்கே தவறியது என்பதை மட்டும் அறியும் நோக்கிலான ஆய்வு அது. அறிவதற்காக மட்டுமே நடத்தப்படும் இத்தகைய விசாரணை நமது அரச நிருவாகத்தின் வேறு துறைகளில் அபூர்வம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வெற்றியே இன்றைய சிக்கலுக்கும் காரணமாக அமைந்திருக்கின்றது. இறப்பு எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்ட ஓரிடத்தில் அந்த எண்ணிக்கையை வைத்து எதையும் மதிப்பிட முடியாது.

திருக்கோவில் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இப்பிரதேச செயலாளர் பிரிவில் ஏறக்குறைய 25,000 மக்கள் வாழ்ந்தனர். இத்தகைய பிரிவொன்றில் ஆண்டுக்கு 400 பிரசவங்கள் நிகழ்வதாக ஓர் எடுகோளை வைத்துக்கொண்டால், இலட்சத்துக்கு 30 என்ற தேசிய வீதப்படி ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்கு ஒரு தாய் மரணமே எதிர்பார்க்கத்தக்கது. ஆகவே, "இப்பிரதேசத்தில் கடந்த மூன்று ஆண்டுகளாகத் தாய் மரணம் எதுவும் நிகழவில்லை" என்று ஒரு மேடையில் அறிவிக்கப்படுமாயின், அது மகிழ்ச்சிக்குரிய செய்தியேயாயினும் எந்தத் திட்டத்தின் பயனையும் நிறுவுவதாகாது. எதுவும் செய்யாதிருந்தாலும் மூன்று ஆண்டுகள் அவ்வாறே கடந்திருக்கக்கூடும். மறுபுறத்தில், ஒரே ஆண்டில் ஒரு மரணம் நேர்ந்துவிட்டால் விகிதம் இலட்சத்துக்கு 250 ஆகப் பாயும். அப்போது பத்திரிகைகளாகிய நாம் தலைப்புப் போடுவோம். இரண்டுமே எண்களின் மயக்கம்தான்.

இதனுடன் இன்னொரு குறையும் சேர்ந்துகொள்கின்றது. நாட்டின் தாய், சேய் நலம் பற்றிய அடிப்படைத் தரவுகளைத் தருவது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் குடித்தொகை, சுகாதார அளவீடு ஆகும். 1993, 2000 ஆகிய ஆண்டுகளில் நடத்தப்பட்ட அளவீடுகள் போர் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்களை உள்ளடக்கவில்லை. 2006, 2007 இல் நடத்தப்பட்ட அளவீட்டில் கிழக்கு சேர்க்கப்பட்டது, வடக்கு விடுபட்டது. 25 மாவட்டங்களையும் உள்ளடக்கிய அளவீடு 2016 இல் தான் நடந்தது. இதன் பொருள் என்னவெனில், இலங்கையின் சாதனை என்று உலகம் பாராட்டிக்கொண்டிருந்த காலத்தில் திருக்கோவிலிலும் பொத்துவிலிலும் நிந்தவூரிலும் பிள்ளை பெற்ற தாய்மார் அந்த அளவீடுகளில் இடம்பெறவேயில்லை. பின்னர் வந்த ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி இக்கரையோரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை. போருக்கும் கடலுக்கும் இடையில், "முன்பு எப்படி இருந்தது" என்ற வினாவுக்கு இங்கு நம்பகமான விடை இல்லாமற் போயிற்று. முன்னைய நிலை தெரியாவிடின், பின்னைய நிலை முன்னேற்றமா அன்றா என்பதை யார் சொல்வது?

இந்தப் பின்னணியில்தான் 2015 இல் அறிமுகமான கர்ப்பிணித் தாய்மாருக்கான போஷாக்குக் கொடுப்பனவை நோக்க வேண்டும். மாதம் 2000 ரூபா வீதம் பத்து மாதங்களுக்கு 20,000 ரூபா பெறுமதியான உணவுப் பொருட்களை வவுச்சர் மூலம் வழங்குவது அதன் தொடக்க வடிவம். குடும்ப நல உத்தியோகத்தரிடம் பதிவு செய்த தாய் பிரதேச செயலகத்தின் ஊடாக வவுச்சரைப் பெற்று, தெரிவு செய்யப்பட்ட கூட்டுறவுக் கடை போன்ற விற்பனை நிலையத்தில் முட்டை, பயறு, கடலை, நெத்தலி முதலான சத்துள்ள உணவைப் பெறுவார் என்பது எண்ணம். பின்னைய ஆண்டுகளில் தொகை உயர்த்தப்பட்டது. 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷாவும் இதே நோக்கத்தைக் கொண்டதுதான். 2022 நெருக்கடிக் காலத்தில் தகுந்த சோளம் கிடைக்காமையால் அதன் விநியோகம் தடைப்பட்டதை மறந்திருக்கமாட்டோம்.

திட்டத்தின் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. தேவையும் உண்மையானது. நமது நாட்டில் தாய்மார் இறப்பது குறைந்துவிட்டதாயினும், நிறை குறைந்த குழந்தைகள் பிறப்பது குறையவில்லை. 2500 கிராமுக்குக் குறைவான நிறையுடன் பிறக்கும் சிசுக்கள் 2006, 2007 அளவீட்டிலும் 16 சதவீதம் அளவில் இருந்தன. 2016 அளவீட்டிலும் ஏறக்குறைய அவ்வளவே. 2016 இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையற்றவர்களாகக் காணப்பட்டனர். கர்ப்பிணிகளிடையே குருதிச்சோகையும் பரவலாக உள்ளது. பிரசவ மேசையில் உயிரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட நமது சுகாதார முறைமை, அந்த மேசைக்கு வருமுன் ஒன்பது மாதங்களாக அடுப்படியில் நிகழ்வதை மாற்றக் கற்றுக்கொள்ளவில்லை. வறுமை இன்று தங்கியிருப்பது அங்கேதான்.

ஆகவே இக்கொடுப்பனவைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி மிக எளியது. பிள்ளைகள் சற்றேனும் நிறை கூடிப் பிறக்கின்றனவா? தாயின் குருதியில் ஹீமோகுளோபின் அளவு உயர்ந்துள்ளதா? வவுச்சர்களின் எண்ணிக்கை இதற்கு விடையாகாது.

ஏன் ஆகாது என்பதைச் சற்று விளக்க வேண்டும். வவுச்சருக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் இடையில் பல படிகள் உள்ளன. வவுச்சர் உரிய மாதத்தில் கைக்கு வரவேண்டும். கடையில் பொருள் இருக்கவேண்டும். பொருளின் விலை ஏறாதிருக்கவேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. 2015 இல் நிர்ணயித்த 2000 ரூபா அப்போது எத்தனை முட்டைகளுக்குப் போதுமாயிருந்தது என்பதை இல்லத்தரசிகள் அறிவர். இவையனைத்தும் சரியாக அமைந்து பொருள் வீடு வந்து சேர்ந்தாலும், பயறு அவியும் பானைக்குக் கர்ப்பிணி யார் என்பது தெரியாது. மாமிக்கும் கணவருக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் பங்கிட்ட பின்னர்தான் நமது பெண்கள் உண்பார்கள். திரிபோஷாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து உருண்டையாக்கினால் அதைத் தேடி ஓடிவருவது யார் என்பதும் நாமறிந்ததே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பசித்த வீட்டில் பங்கிட்டு உண்பது அறமேயாகும். ஆனால் திட்டத்தை வரைந்தவர் அந்த வீட்டைக் கணக்கில் எடுத்தாரா என்பதை மதிப்பீடு கேட்டாக வேண்டும்.

அடுத்த சிக்கல் ஒப்பீடு. வவுச்சர் பெற்ற தாய்மாரின் குழந்தைகளையும் பெறாத தாய்மாரின் குழந்தைகளையும் நிறுத்துப் பார்த்து, முன்னையவை பாரம் கூடியவை என்று கண்டால் திட்டம் வென்றது என்று முடிவு செய்யலாமா? கூடாது. எட்டு வாரங்களுக்குள் பதிவு செய்துகொள்ளும் பெண் யார்? பெரும்பாலும் பிரதான வீதியை அண்டி வாழ்பவர், பாடசாலைக் கல்வியை முடித்தவர், கணவர் கூடவே இருப்பவர். கண்ணூறுக்கு அஞ்சி மூன்று மாதம் வரை கர்ப்பத்தை வெளியில் சொல்லாதவரும், சாகாமம், தங்கவேலாயுதபுரம் போன்ற உட்பகுதிகளிலிருந்து மாரி காலத்தில் கிளினிக்குக்கு வர இயலாதவரும் பிந்தியே பதிவர். முந்திய பெண்ணின் பிள்ளை வவுச்சர் இல்லாவிடினும் நிறை கூடியே பிறந்திருக்கும். எனவே, கிடைத்த வித்தியாசத்துக்குக் காரணம் திட்டமா, அந்தப் பெண்ணின் ஏனைய வசதிகளா என்பது புலப்படாது.

இத்தவற்றினால் நேர்ந்த ஒரு பெரிய மயக்கத்துக்கு அயல்நாட்டில் உதாரணம் உண்டு. இந்தியாவின் குஜராத் மாநில அரசு 2005 இன் இறுதியில் 'சிரஞ்சீவி யோஜனா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வறிய பெண்களுக்குத் தனியார் மகப்பேற்று மருத்துவமனைகளில் இலவசப் பிரசவம். நூறு பிரசவங்களுக்கு இவ்வளவு என்ற கணக்கில் மருத்துவருக்கு அரசு பணம் செலுத்தும். தொடக்கத்தில் வெளியான மதிப்பீடுகள் பெருமளவு தாய் மரணங்களும் சிசு மரணங்களும் தவிர்க்கப்பட்டுவிட்டதாகக் கூறின. பன்னாட்டுப் பாராட்டும் குவிந்தது. அக்கணக்கு போடப்பட்ட விதமோ, திட்டத்தின்கீழ் பிரசவித்த பெண்களுள் பதிவான இறப்பை மாநிலத்தின் பொதுவான இறப்பு வீதத்துடன் ஒப்பிடுவதாக இருந்தது. சிக்கலான பிரசவத்தை ஏற்க விரும்பாத மருத்துவமனை அப்பெண்ணை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டால், அவரது மரணம் அந்தக் கணக்கில் வராது. திட்டம் இல்லாவிடினும் மருத்துவமனைப் பிரசவங்கள் அக்காலத்தில் கூடிக்கொண்டே வந்தன என்பதும் கவனிக்கப்படவில்லை. மனோஜ் மோகனன் முதலான ஆய்வாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை நேரிற் கண்டு நடத்தி, 2014 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு, திட்டத்தினால் மருத்துவமனைப் பிரசவமோ தாயின் நலமோ குறிப்பிடத்தக்க அளவு மாறியதற்குச் சான்று இல்லை என்று கண்டது. குடும்பங்களின் பிரசவச் செலவும் குறையவில்லை. இலவசம் என்று அறிவிக்கப்பட்ட சேவைக்கு ஏழைகள் வேறு பெயர்களில் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் போலும்.

இந்திய மத்திய அரசு 2005 இல் ஆரம்பித்த 'ஜனனி சுரக்ஷா யோஜனா' இதைவிடப் பெரியது. மருத்துவமனையில் பிரசவிக்கும் பெண்ணுக்கு ரொக்கப் பணம் வழங்கியது. அங்கு நிறுவனப் பிரசவங்கள் 2005, 2006 இல் 38.7 சதவீதமாக இருந்து 2015, 2016 இல் 78.9 சதவீதமாக உயர்ந்தன. பத்தாண்டில் இத்தகைய மாற்றம் வியப்புக்குரியதே. ஆயினும், 2010 இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு மிக வறியவர்களும் கல்வியிற் குறைந்தவர்களும் எல்லா இடங்களிலும் பணத்தைக் கூடுதலாகப் பெற்றவர்களாக இல்லை என்று சுட்டியது. 2013 இல் ஒன்பது மாநிலங்களை ஆராய்ந்த இன்னோர் ஆய்வு, மாவட்டங்களில் நிறுவனப் பிரசவம் கூடியதற்கும் தாய் மரணம் குறைந்ததற்கும் இடையே தொடர்பைக் காணவில்லை. பெண் வாசல்வரை வந்துவிட்டாள். உள்ளே அவளுக்குக் கிடைத்த பராமரிப்பு மாறவில்லை என்பதே இதன் விளக்கம். தமிழ்நாட்டில் 1987 இல் 300 ரூபாவுடன் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 2006 இல் 6000, 2011 இல் 12,000, 2018 இல் 18,000 என உயர்ந்து வந்திருக்கின்றது. தேர்தல்தோறும் தொகை உயர்கின்றதே தவிர, ஒவ்வொரு உயர்வும் பிள்ளையின் பிறப்பு நிறையில் என்ன செய்தது என்ற பேச்சு மேடைகளில் எழுவதில்லை.

எதிர்மாறான உதாரணம் மெக்சிகோவில் உள்ளது. 1997 இல் வறிய குடும்பங்களுக்கான 'புரோகிரேசா' உதவித்திட்டத்தைத் தொடங்கியபோது, 506 கிராமங்களைத் தெரிந்து, அவற்றுள் 320 இல் முதலிலும் எஞ்சிய 186 இல் பின்னரும் அதனை நடைமுறைப்படுத்தினர். எல்லாக் கிராமங்களுக்கும் ஒரே நாளில் கொடுக்க எப்படியும் இயலாது. அந்த இயலாமையையே அவர்கள் அளவுகோலாக்கிக்கொண்டனர். முந்திப் பெறுவது எந்தக் கிராமம் என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால் ஒப்பீடு நேர்மையாயிற்று. ஆட்சி மாறியபோதும் திட்டம் பிழைத்தது. பின்னர் நடந்த ஓர் ஆய்வு பயனாளிகளின் குழந்தைகள் சராசரியாக 127 கிராம் நிறை கூடிப் பிறந்ததைக் காட்டியது. பணத்தைக் காட்டிலும், தமக்கு உரிய சேவையைக் கேட்டுப் பெறும் துணிவை அத்தாய்மார் அடைந்தமையே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். நமது நாட்டில் எந்தப் பிரதேசம் முந்திப் பெறுவது என்பதைக் குலுக்கல் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது எது என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கல்முனைப் பிராந்தியத்துக்குத் திரும்புவோம். இங்கே 2015 ஐ மீண்டும் கொண்டுவந்து குலுக்கல் நடத்த முடியாது. எனினும், வேறு எவரிடமும் இல்லாத ஒரு வசதி இக்கரையோரத்துக்கு உண்டு. இங்கு மணமான பெண் பெரும்பாலும் தாய்வீட்டிலோ, சீதனமாக அதன் அருகில் கட்டிக்கொடுக்கப்பட்ட வீட்டிலோதான் வாழ்கின்றாள். பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து சேர்வது மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். தமிழ்நாட்டில் முதற் பிரசவத்துக்குப் பிறந்தகம் போகும் பெண்ணின் பதிவுகள் இரண்டு ஊர்களில் சிதறிக் கிடக்கும். இங்கே தாயையும் மகளையும், அக்காவையும் தங்கையையும் அதே பிரிவின் குடும்ப நல உத்தியோகத்தரே அறிவார். கர்ப்பகாலப் பதிவான எச் 512 அட்டையும், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடும், உத்தியோகத்தரின் பதிவுப் புத்தகங்களும் ஒரே கூரையின்கீழ் சேரும். ஒரே தாய் 2015க்கு முன் பெற்ற பிள்ளையின் நிறையையும் பின் பெற்ற பிள்ளையின் நிறையையும் ஒப்பிட்டால், கல்வி, வீடு, உணவுப் பழக்கம் முதலிய பல வித்தியாசங்கள் தாமே நீங்கிவிடும். இரண்டாவது பிள்ளை இயல்பாகவே முதற் பிள்ளையைவிடச் சற்று நிறை கூடிப் பிறப்பதுண்டு என்பதைக் கழித்துக்கொள்ளவேண்டும். அதற்கு, திட்டம் வருமுன்பே இரு பிள்ளைகளையும் பெற்ற தாய்மாரின் பதிவுகள் உதவும். கூட்டுறவுக் கடையில் பொருள் வராமல் வவுச்சர் தாமதமான மாதங்களும் ஒருவகையில் பயன்படும். தாமதம் கடையின் தவறே அன்றித் தாயின் தவறன்று. ஆகவே, தாமதத்தில் அகப்பட்ட தாயும் அகப்படாத தாயும் ஏனைய எல்லாவற்றிலும் ஒத்தவர்கள்.

எண்ணிக்கை போதுமா என்று கேட்கலாம். தாய் மரணத்துக்குப் போதாது என்று மேலே கண்டோம். பிறப்பு நிறைக்குத் தாராளமாகப் போதும். 400 பிரசவங்களில் 16 சதவீதம் என்றால் 64 குழந்தைகள். திட்டத்தினால் அது 12 சதவீதமாகக் குறையுமாயின் 48 குழந்தைகள். ஒரு பிரதேசத்தின் ஓராண்டுக் கணக்கு மட்டும் தற்செயலால் ஆடக்கூடும். திருக்கோவில், ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பொத்துவில் என்று ஐந்து பிரதேசங்களின் மூன்றாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆட்டம் அடங்கிவிடும்.

இதில் ஊர் பேதம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருக்கோவிலிலிருந்து வடக்கே போகும் பிரதான வீதியில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் மாறி மாறி வருகின்றன. கல்முனை நகரில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. எது யாருடையது என்ற பேச்சும் உண்டு. பிரிவு வாரியான புள்ளிவிபரம் வெளியானால் ஒரு சமூகத்துக்கு எதிராக அது பயன்படுத்தப்படும் என்ற அச்சம் அதிகாரிகளிடம் இருப்பதைப் புரிந்துகொள்ள முடிகின்றது. ஆனால் மறைத்து வைப்பதால் அந்த அச்சம் நீங்குவதில்லை. ஊகம் மட்டுமே வளர்கின்றது. ஒரு முஸ்லிம் கிராமத்தில் பெண் வைத்தியர் இல்லாத நாளில் கிளினிக் வருகை குறையுமாயின், ஒரு தமிழ்க் கரையோரக் கிராமத்தில் கணவர் கடலுக்குப் போயிருக்கும் பருவத்தில் அது குறையுமாயின், இரண்டுக்குமான பரிகாரம் வெவ்வேறு. சராசரி எண் ஒன்று இவ்விரண்டையும் மூடிவிடும். நோன்பு மாதத்தில் கர்ப்பிணிகளின் உணவு, மருந்து பற்றிய அறிவுறுத்தலைப் பள்ளிவாசல் மூலமாகவும், மாரி காலக் கிளினிக் நேர மாற்றத்தைக் கோவில் ஒலிபெருக்கி மூலமாகவும் அறிவிக்கலாம் என்பது போன்ற சிறிய முடிவுகளுக்கு ஊர் ஊரான தரவு இன்றியமையாதது.

கணக்கிலேயே வராதவர்களும் இருக்கின்றனர். மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருந்து திரும்பிய சில மாதங்களில் கருவுற்றவர், கணவனால் கைவிடப்பட்டு ஊருக்கு அஞ்சிப் பதிவைத் தவிர்ப்பவர், பதினெட்டு வயது நிரம்பாத சிறுமித் தாய்மார் ஆகியோர் இத்திட்டங்கள் யாருக்காக வகுக்கப்பட்டனவோ அவர்களே. ஆனால் பிரசவ விடுதிக்கு வரும் நாளன்றுதான் பலர் முதன்முதலாக ஏட்டில் ஏறுகின்றனர். பதிவு செய்தோரில் எத்தனை வீதத்தினருக்கு வவுச்சர் கிடைத்தது என்று கணக்கிட்டால் இவர்கள் வகுக்கும் எண்ணிலும் இல்லை, வகுபடும் எண்ணிலும் இல்லை. நூறு சதவீத வெற்றி என்ற அறிக்கை அவர்களைத் தவிர்த்தே எழுதப்படுகின்றது. வைத்தியசாலையின் பிரசவப் பதிவேட்டையும் குடும்ப நல உத்தியோகத்தரின் கர்ப்பிணிப் பதிவேட்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர்களை எண்ணினாலே அவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். பெயர்கள் வெளியில் வரவேண்டியதில்லை, எண்ணிக்கை போதும்.

இங்கு ஒரு நியாயத்தைக் குடும்ப நல உத்தியோகத்தர்களின் பக்கமிருந்தும் சொல்ல வேண்டும். ஆளணி வெற்றிடம் உள்ள பிரிவுகளை அயற்பிரிவு உத்தியோகத்தர் மேலதிகமாகப் பார்க்கின்றார். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022 ஆம் ஆண்டில் அவர்களும் வரிசையில் நின்றார்கள். மதிப்பீடு என்றாலே தம்மீது பழி வரப்போகின்றது என்று அவர்கள் எண்ணினால், படிவங்கள் அழகாக நிரப்பப்படும், உண்மை வராது. தாய் மரண ஆய்வில் பின்பற்றப்படும், பெயரும் பழியும் சுட்டாத முறையை இதிலும் பின்பற்றுவதே வழி. அந்த முறை நமது நாட்டில் ஏலவே வெற்றி கண்டதொன்று.

நெருக்கடி ஆண்டுகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை தேவை. 2022க்குப் பின் பிறப்பு நிறை குறைந்திருக்குமானால், கொடுப்பனவு தோற்றுவிட்டது என்று அவசரப்படக் கூடாது. அது இல்லாதிருந்தால் இன்னும் குறைந்திருக்கலாம். அதேபோல, நிலைமை சீராகி நிறை கூடினால் அதன் பெருமையை உயர்த்தப்பட்ட தொகைக்கு முழுவதுமாக வழங்கிவிடவும் கூடாது. பொருட்களின் பெறுமதி அதிகமாக வீழ்ந்த மாதங்களில் கருவுற்றிருந்தவர்களையும், அவ்வாறு வீழாத மாதங்களில் கருவுற்றிருந்தவர்களையும் பிரித்து நோக்குவதே முறை.

இவற்றுக்கெல்லாம் வெளிநாட்டு நிபுணர் குழுவோ பெருந்தொகை நிதியோ வேண்டியதில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் வைத்தியசாலையில் நிறுக்கப்படுகின்றது. நாட்டின் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வைத்தியசாலைகளில் நிகழ்வதால் அந்த நிறை ஏட்டில் இருக்கின்றது. தாயின் ஹீமோகுளோபின் அளவு கிளினிக் அட்டையில் இருக்கின்றது. வவுச்சர் வழங்கிய திகதி பிரதேச செயலகத்தில் இருக்கின்றது. இம்மூன்றும் மூன்று அலுவலகங்களின் மூன்று அலுமாரிகளில் இருப்பதுதான் தடை. கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையும் பிரதேச செயலகங்களும் உடன்பட்டு, பெயர்களை நீக்கிய ஓர் அட்டவணையில் அவற்றை ஒன்றுசேர்த்து, காலாண்டுக்கு ஒரு தடவை பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் முன் வைக்கலாம். நிறை குறைந்த பிறப்புகள் கூடிய கிராம உத்தியோகத்தர் பிரிவு எது என்பது அந்தக் கூட்டத்திலேயே தெரிந்துவிடும். இதற்கெனப் புதிய படிவம் எதுவும் அச்சிட வேண்டியதில்லை.